மேரி மீச்சம் என்ன சாதித்தார்? தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், பாடத்தாள் தயாரிப்பவர்களுக்கும், ஆண்டு விழாப் பேச்சுப்போட்டிக்கு நடுவர்களாக வருபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் செயின்ட் லூயிஸில் வசிப்பவள். என் மகள் ஐந்து வருடமாகத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, ஒரு காசு வாங்காமல், எங்கள் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லித்தருகிறீர்கள். அதற்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. இந்த மடலை யாரையும் குறைசொல்வதற்காக எழுதவில்லை. இந்த ஆண்டு விழாப் பேச்சுப்போட்டியிலிருந்து வீட்டுக்கு வரும்போது என் மகள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தலைப்பு, விடுதலைக்கு உழைத்த பெண்கள். ஆளுக்கு நான்கு நிமிடம். ஜான்சி ராணி வந்தார், வேலு நாச்சியார் வந்தார், அடிமைகளைத் தப்பவைத்து அழைத்து வந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மன் இரண்டு முறை வந்தார். அடிமைகளைப் படகேற்றித் தப்பவைக்க முயன்ற சுதந்திரக் கறுப்பினப் பெண் மேரி மீச்சத்தைப் பற்றி என் மகள் பேசினாள். எங்கள் ஊர்க்காரர், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் நடந்த கதை என்பதால் அவளே தேர்ந்தெடுத்தது. பேச்சின் நடுவில், மேரி படகேற்றியவர்களில் ஒருத்தியைப் பற்றி, "எஸ்தர் தன் பிள்ளைகளோடு ஓடிப்போனாள்" என்றாள். அரங்கில் பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. முடிந்ததும் நடுவர் ஒருவர், அன்பாகத்தான், கேட்டார்: "சரிம்மா, இவங்க படகுல ஏத்தி விட்டவங்க பிடிபட்டுட்டாங்களே. அப்புறம் இதுல என்ன சாதனை?"

அவள் பதில் சொல்லாமல் நின்றாள். அந்தப் பதிலை நான் சொல்லிப்பார்க்கிறேன்.

மேரியே அடிமையாகப் பிறந்தவர்தான். கென்டக்கியில் அவரையும் பிள்ளைகளையும் சொந்தம் கொண்டாடியவர் மிசூரிக்குக் குடிபெயர்ந்தபோது அவர்களையும் கொண்டு வந்துவிட்டார். கணவர் ஜான் பெர்ரி மீச்சம் அதற்கு முன்பே உழைத்துச் சேர்த்துத் தன் விடுதலையை விலைக்கு வாங்கியவர். மனைவியைத் தேடி 1815-இல் அவர் செயின்ட் லூயிஸ் வந்து இறங்கியபோது கையில் இருந்தது 3 டாலர். பீப்பாய் செய்யும் தொழில் தெரியும். அதை வைத்துச் சம்பாதித்து மனைவி மக்களை மீட்டார். அப்புறம் இருவரும் சும்மா இருக்கவில்லை. மற்றவர்களை விலைகொடுத்து வாங்கி, தொழில் கற்றுக்கொடுத்து, விடுதலை செய்தார்கள். அப்படி வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். ஜான் கறுப்பின மக்களுக்கு ஒரு தேவாலயம் நிறுவினார், பள்ளி நடத்தினார். 1847-இல் மிசூரி அரசு கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதையே சட்டவிரோதமாக்கியது. மாநிலச் சட்டம் எட்டாத மிசிசிப்பி ஆற்றின் நடுவில், ஒரு படகில் அவர் பள்ளியை நடத்தினார் என்று இந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1854 பிப்ரவரியில், தேவாலய மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1855 மே 21, விடிவதற்கு முன். விதவையான மேரி, ஐம்பதைத் தாண்டியவர், எட்டு ஒன்பது பேரை ஊருக்கு வடக்கே ஆற்றங்கரைக்கு வரவழைத்துப் படகேற்றினார். இந்தக் கரை மிசூரி, அடிமை மாநிலம். அந்தக் கரை இலினாய், அடிமை முறை இல்லாத மாநிலம். அந்தக் கூட்டத்தில்தான் எஸ்தரும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். படகு அக்கரை சேர்ந்தது. ஆனால் அங்கே காவலர்கள் ஏற்கெனவே பதுங்கியிருந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. சிலர் இருட்டில் தப்பிவிட்டார்கள். ஐந்து பேர் பிடிபட்டார்கள், எஸ்தரும் பிள்ளைகளும் உட்பட.

எஸ்தரின் எஜமானர் ஹென்றி ஷா. பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? வசந்தத்தில் நாம் குடும்பம் குடும்பமாகப் போய்ப் புகைப்படம் எடுக்கிறோமே மிசூரி தாவரவியல் பூங்கா, அதை 1859-இல் பொதுமக்களுக்குத் திறந்தவர் அவர்தான். இந்தத் தப்பும் முயற்சிக்குத் தண்டனையாக அவர் எஸ்தரை ஆற்றின் வழியே தெற்கே அனுப்பி விற்றுவிட்டார். பிள்ளைகளிடமிருந்து பிரித்து.

மேரி கைதானார். அவரோடு ஐசக் என்ற சுதந்திரக் கறுப்பின ஆண் ஒருவரும். அடுத்தவர் சொத்தைத் திருடினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. சொத்து என்றால் எஸ்தரும் அவள் பிள்ளைகளும். ஒரு வழக்கில் மேரியை விடுவித்தார்கள், மற்றவை கைவிடப்பட்டன.

நடுவர் அவர்களே, நீங்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. எஸ்தர் பிடிபட்டாள். ஆனால் மேரியின் நிலையில் ஒருகணம் நின்று பாருங்கள். சுதந்திரக் கறுப்பினப் பெண் என்றால் நம்மைப் போலச் சுதந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மிசூரியில் தங்கி வாழ்வதற்கே 1835 முதல் அவர்கள் நீதிமன்றத்தில் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. வேலை விசாவும் கிரீன் கார்டும் வைத்து வாழும் நமக்கு, ஒரு தாளை நம்பி வாழ்வது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியும். ஆனால் அவர்களுக்கு அந்தத் தாள் தொலைந்தாலோ கிழிக்கப்பட்டாலோ விமான டிக்கெட் வாங்கிக்கொண்டு போக ஒரு சொந்த ஊர் கிடையாது. ஏலச் சந்தைதான் உண்டு. மேரிக்கு வீடு இருந்தது, மரியாதை இருந்தது, போதகரின் மனைவி என்ற பெயர் இருந்தது. இழப்பதற்கு எல்லாமே இருந்த ஒருவர், கணவரைப் புதைத்து பதினைந்து மாதம் ஆன நிலையில், அந்த இருட்டில் ஆற்றங்கரைக்குப் போனார். அன்றைக்குத் தப்பிய சிலர் அந்தப் படகு இல்லாவிட்டால் தப்பியிருக்க மாட்டார்கள். என் மகள் சொல்ல நினைத்தது இதுதான். அவளுக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை.

வார்த்தை என்றதும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வருகிறது. "ஓடிப்போனாள்" என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. அகராதியைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டாள். அதை நானாவது திருத்தியிருக்க வேண்டும், என் தவறுதான். ஆனால் பாடத்தாளிலும் "ஓடிப்போன அடிமைகள்" என்றுதான் இருக்கிறது. தப்பி வந்தவர்கள், விடுதலை தேடிப் போனவர்கள் என்று எழுத நம்மிடம் சொல் இருக்கிறதே. அடிமைகள் தப்பிப் போக உதவிய ரகசிய வழிகளுக்கும் ஆட்களுக்கும் இருந்த Underground Railroad என்ற பட்டப்பெயரை அதே தாளில் "நிலத்தடி ரயில்" என்று போட்டு, குகைக்குள்ளிருந்து புகைவண்டி வருகிற மாதிரி ஒரு படமும் இருந்தது. வழிகாட்டி அழைத்துச் சென்றவர்களை "நடத்துநர்" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். ஒரு குழந்தை டப்மனைத் தோளில் பையோடு டிக்கெட் கிழிக்கும் பெண்ணாக வரைந்துகொண்டு வந்ததை நான் பார்த்தேன். அங்கே ரயிலும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. இரவில் நடை, சதுப்பு நிலம், யாரோ ஒருவர் வீட்டுக் களஞ்சியம், யாரோ ஒருவர் அடுப்படி. அந்த அடுப்படிகளில் பாதிராத்திரிக்கு எழுந்து உலை வைத்த பெண்களைப் பற்றித்தான் நம் பாடத்தாள் ஒரு வரியும் சொல்லவில்லை.

இனி, முதல் பரிசு பெற்ற பேச்சு. நன்றாகப் பேசிய பிள்ளை, பரிசுக்குத் தகுதியான பிள்ளை. டப்மன் சொன்னதாக இணையத்தில் எங்கு பார்த்தாலும் இருக்கும் ஒன்றைத்தான் சொன்னது: "நான் ஆயிரம் அடிமைகளை விடுவித்தேன். தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்." கைத்தட்டல் அடங்க நேரமானது.

டப்மன் இதைச் சொன்னதில்லை. அவர் வாழ்க்கையை ஆவணம் ஆவணமாகத் தேடியவர்கள் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பலமுறை சொல்லிவிட்டார்கள். எண்ணிக்கையும் தவறு. 1849-இல் தானே தப்பிய பிறகு, பதின்மூன்று முறை போல மேரிலாந்துக்குத் திரும்பிப் போய் எழுபது பேர் அளவில் அழைத்து வந்தார். அவர் தலைக்கு 40,000 டாலர் விலை என்பதும் கட்டுக்கதை. 1849-இல் வந்த விளம்பரம் அவருக்கும் அவருடைய இரண்டு சகோதரர்களுக்கும் சேர்த்து 300 டாலர்தான் அறிவித்தது. எழுபது பேர் என்பது குறைவான எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு முறையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

எண்ணிக்கைகூடப் போகட்டும். அந்த மேற்கோளின் அர்த்தத்தைப் பாருங்கள். அடிமையாக இருந்தவர்கள் விவரம் தெரியாமல் அப்படியே கிடந்தார்கள் என்கிறது அது. டப்மனின் சொந்தத் தங்கை ரேச்சலின் கதை தெரிந்த யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ரேச்சலை அழைத்துவர டப்மன் பல வருடம் முயன்றார். ரேச்சலின் இரண்டு பிள்ளைகள் வேறு இடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டு அவள் வர மாட்டேன் என்றாள். 1860 கடைசியில் டப்மன் மறுபடி போனபோது ரேச்சல் இறந்துவிட்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளையாவது கொண்டுவரலாம் என்றால், லஞ்சமாகக் கொடுக்க 30 டாலர் வேண்டியிருந்தது. டப்மனிடம் 30 டாலர் இல்லை. பிள்ளைகள் அங்கேயே விடப்பட்டார்கள்.

ரேச்சலுக்குத் தான் அடிமை என்று தெரியாதா? எஸ்தருக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். படகு இல்லை, பணம் இல்லை, கைக்குழந்தை அழாமல் இருக்குமா என்ற பயம், அக்கரையில் கதவைத் தட்டினால் திறப்பவர் யார் என்று தெரியாத நிலை. அந்தப் படகாகவும் பணமாகவும் கதவாகவும் இருந்தவர்களில் பலர் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள். தையற்காரிகள், வீட்டுவேலை செய்தவர்கள், துணி வெளுத்தவர்கள். அந்த மேற்கோளுக்கு நாம் கைதட்டும்போது அவர்கள் இருந்த இடமே தெரியாமல் போய்விடுகிறது.

ஆனா மர்ரி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இவரைப் பற்றிப் பேச எனக்கு நான்கு நிமிடம் போதாது.

மேரிலாந்தில், 1813 வாக்கில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து, இவர் பிறப்பதற்குச் சற்று முன்புதான் விடுவிக்கப்பட்டார்கள். அதனால் இவர் பிறப்பிலேயே சுதந்திரப் பெண். பதினேழு வயதில் பால்டிமோருக்கு வந்து வீட்டுவேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தை, தலையணை, தட்டு, கரண்டி என்று சேர்த்து வைத்தார். நம் பாட்டிகள் சீட்டுப் பிடித்து வெண்கலப் பானை சேர்த்த மாதிரி. அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்த ஓர் அடிமை இளைஞரைச் சந்தித்தார். தன்னிடம் இருந்த இறகு மெத்தைகளில் ஒன்றை விற்று, சேமிப்பையும் சேர்த்து, அவர் தப்பிப் போகப் பணம் கொடுத்தார். மாலுமி உடையில், இன்னொரு கறுப்பின மாலுமியிடம் இரவல் வாங்கிய சான்றிதழோடு, 1838 செப்டம்பர் 3 அன்று அந்த இளைஞர் பால்டிமோரில் ரயிலேறினார். நியூயார்க் சேர்ந்ததும் ஆனாவுக்குத் தகவல் அனுப்பினார். ஆனா மூட்டை முடிச்சோடு தனியாகக் கிளம்பிப் போனார். 15-ஆம் தேதி திருமணம். கல்யாண உடை, நாவல்பழ நிறத்தில் ஒரு புதுப் பட்டு கவுன்.

அந்த இளைஞர்தான் ஃபிரடெரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவர், லிங்கனை வெள்ளை மாளிகையில் சந்தித்துப் பேசியவர். 1845-இல் அவர் எழுதிய தன்வரலாற்றில் ஆனாவின் பெயர் வருமிடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில் அதற்கு விளக்கம், "அவள் சுதந்திரமானவள்." அவ்வளவுதான். அப்போது உதவியவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் வாய்மூடியிருந்தது சரிதான், அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அடிமை முறை ஒழிந்து, 1881-இல் தப்பிய கதையை விரிவாக எழுதியபோதும் மெத்தையை விற்ற பெண்ணுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. மகள் ரொசெட்டா 1900-இல் வாஷிங்டனில் ஒரு கூட்டத்தில் அம்மாவைப் பற்றிப் பேசினார். மெத்தையும் பட்டு உடையும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.

ரொசெட்டா சொன்ன இன்னொன்று என்னை விட்டுப் போகவில்லை. குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருந்த காலம். கனடா எல்லைக்கு முந்தைய தங்குமிடங்களில் அந்த வீடும் ஒன்று. குளிரோ வெயிலோ, ராத்திரி எந்த நேரமானாலும் அம்மாவை எழுப்புவார்கள், பசியோடு தப்பி வந்தவர்களுக்கு அம்மா சமைத்துப் போடுவார் என்கிறார். டக்ளஸும் எழுதியிருக்கிறார், ஒருமுறை பதினோரு பேர் ஒரே நேரத்தில் "என் கூரையின் கீழ்" இருந்தார்கள், கனடா அனுப்பப் பணம் சேரும்வரை தங்கியிருந்தார்கள் என்று. கணவர் ஊர் ஊராகப் போய்ப் பேசுபவர். பதினோரு பேருக்கு மாவு பிசைந்தது யார், ஈரத் துணியை அடுப்பருகில் காயவைத்தது யார், கதவு தட்டப்பட்டால் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தது யார்? தப்பிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்ன 1850 அமெரிக்கச் சட்டப்படி, தப்பி வந்தவருக்குச் சோறு போட்டு மறைத்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆனாவுக்கு எழுத்து கைவரவில்லை, அவர் எழுதி வைத்த ஒரு வரி நமக்குக் கிடையாது. அதனால் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

இன்னும் எத்தனையோ பேர். பாஸ்டனில் 1836 ஆகஸ்ட் 1 அன்று எலைசா ஸ்மால், பாலி ஆன் பேட்ஸ் என்ற இரு பெண்களை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர்களை அடிமைகளாகத் திரும்பக் கொண்டுபோக ஒரு முகவர் காத்திருந்தார். அரங்கம் முழுக்கக் கறுப்பின மக்கள், பெரும்பாலும் பெண்கள். மறுபடி கைது செய்வார்கள் என்ற பேச்சு எழுந்ததும் கூட்டம் பாய்ந்து அந்த இருவரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தரை துடைத்துப் பிழைத்த ஒரு பெண், காவலர் ஒருவரின் கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு அவரை அசையவிடவில்லை. அந்த இரு பெண்களும் பிடிபடவே இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பிலடெல்ஃபியாவில் லெட்டிஷியா ஸ்டில், தையல் வேலை பார்த்துக்கொண்டே தப்பி வந்தவர்களை வீட்டில் தங்கவைத்தார். அதே ஊரில் ஹென்ரியெட்டா டுடேர்ட், 1858-இல் கணவர் இறந்ததும் அவருடைய ஈமச்சடங்குத் தொழிலைத் தானே எடுத்து நடத்தியவர், சவப்பெட்டிக்குள்ளும் சவ ஊர்வலத்துக்குள்ளும் ஆட்களை மறைத்து அனுப்பினார் என்று சொல்கிறார்கள்.

மேரி மீச்சத்தின் கதையும் 1855-இல் முடிந்துவிடவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864-இல், காயம்பட்ட கறுப்பின வீரர்களுக்கு உதவும் பெண்கள் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தார். மருத்துவமனை ஊருக்கு வெளியே. டிராம் வண்டிக்குள் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. அந்தப் பெண்கள் முறையிட்டு முறையிட்டு, சனிக்கிழமை மட்டும் உள்ளே ஏறலாம் என்ற அனுமதியைப் பெற்றார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளிலும் போய் வீரர்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்தப் போலி மேற்கோளைப் பாடத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ரேச்சலின் 30 டாலரை எழுதுங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். "ஓடிப்போன" என்பதை மாற்றுங்கள். ரயில் படத்தை எடுத்துவிட்டு ஓர் இறகு மெத்தையை வரையச் சொல்லுங்கள். பேச்சுப்போட்டி மதிப்பெண் தாளில் "சாதனை" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை மட்டும் தயவுசெய்து இன்னொரு முறை யோசியுங்கள். எத்தனை பேரை மீட்டார்கள் என்று கணக்குக் கேட்டால், பிள்ளைகள் இணையத்தில் பெரிய எண்ணைத் தேடிக்கொண்டு வருவார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை.

மேரி படகேற்றிய இடம் இப்போது செயின்ட் லூயிஸின் ஆற்றங்கரை நடைபாதையில் இருக்கிறது, அவர் பெயரிலேயே. 2001-இல் தேசியப் பூங்கா சேவை தன் விடுதலைப் பாதைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. மிசூரியில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் அதுதான். போன சனிக்கிழமை மகளோடு போய் நின்றேன். தண்ணீர் பழுப்பாக, ஒரு முழு மரத்தை வேரோடு இழுத்துக்கொண்டு ஓடியது. அக்கரை தெளிவாகத் தெரிகிறது, ஆனால் பகலில் பார்த்தாலே தூரம்தான். "இதை ராத்திரியிலயாம்மா தாண்டினாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போட்டிக்கு அப்புறம் அவள் இதைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

வரும் மே மாதம், 21-ஆம் தேதிக்குப் பக்கத்தில் வரும் ஞாயிறு, பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக நான் தயார். நான்கு குடும்பங்கள் வண்டி கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். புளிசாதமும் தண்ணீரும் நான் கொண்டு வருகிறேன். நடுவராக வந்தவரும் வந்தால் மிகவும் மகிழ்வேன். ஆற்றங்கரையில் நின்று என் மகள் அந்தப் பேச்சை இன்னொரு முறை பேசிக்காட்ட ஆசைப்படுகிறாள். "தப்பி வந்தாள்" என்று திருத்தி எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
செயின்ட் லூயிஸ், மிசூரி